நெல்சனும் தும்புக் கால்மிதியும்: துறைமுகக் கரை நாய்க்குட்டி ஒன்றின் கழிப்பொழுக்கம் பற்றிய ஆய்வு

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அதன் ஆழத்தை அளந்தவர்கள், கோட்டையைப் படமாகக் கீறியவர்கள், சீனக்குடா எண்ணெய்க் குதங்களை எண்ணியவர்கள், கோணேசர் கோயில் வரலாற்றைத் தேடியவர்கள் என்று ஓர் அலுமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. ஆனால் அந்தக் கரையில் குடியிருக்கிறவர்கள் விடியப்புறத்தில் வெறுங்காலோடு விறாந்தைக்கு வந்து, எதையோ மிதித்து, "ஐயோ, திரும்பவும்!" என்று கத்துவதன் காரணத்தை ஆராய்ந்த நூல் ஒன்றுகூட அந்த அலுமாரியில் இல்லை. இக்கட்டுரை அக்குறையை நீக்க முயல்கிறது. ஆய்வுக் களம், உட்துறைமுக வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் உள்ள எங்கள் வீடு. ஆய்வு முறை, மிதித்தல்.

ஆய்வுப் பொருள் வலக் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டம் போட்ட வெள்ளைக் குட்டி, ஊர்ச்சாதி. சல்லிக் கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட வள்ளமொன்றின் கீழே, கரைவலை இழுக்கிற தும்புக்கயிற்றுக் குவியலின்மேல் பிறந்தது. இந்தப் பிறப்பிட விவரம் இப்போது அற்பமாகத் தோன்றும், பின்னால் தேவைப்படும். பால் மறந்த இரண்டு மாதக் குட்டியாக, மாமாவின் சாரத்து மடிக்குள் சுருண்டு, ஓட்டோவில் வந்திறங்கியது. மாமா துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கண் வட்டத்தைப் பார்த்த உடனேயே 'நெல்சன்' என்று பெயர் வைத்துவிட்டார்.

பெயரில் நியாயம் உண்டு. அட்மிரல் நெல்சன் பதின்ம வயதில் 'சீஹோர்ஸ்' என்ற கப்பலில் இந்தியக் கடற்பக்கம் வந்தவர். உலகத்திலேயே நல்ல துறைமுகம் இதுதான் என்று அவர் சொன்னதாகத் திருமலையில் வாய் திறக்கத் தெரிந்த எல்லாரும் சொல்வார்கள். 1794இல் கோர்சிக்காத் தீவுச் சண்டையில் அவருக்கு வலக் கண் பார்வை போனது. 1801இல் கொப்பன்ஹேகனில், சண்டையை நிறுத்து என்று மேலதிகாரி கொடி ஏற்றியபோது, தொலைநோக்கியை அந்தக் குருட்டுக் கண்ணிலே வைத்துப் பார்த்து, கொடி ஒன்றும் தெரியவில்லையே என்றாராம். எங்கள் நெல்சனுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். ஆனாலும் முற்றத்தைக் காட்டி "அங்க போடா" என்றால், கறுப்பு வட்டம் உள்ள பக்கத்தைத்தான் நமக்குத் திருப்பும்.

அட்மிரலோடு ஒற்றுமை இத்தோடு முடியவில்லை. அந்தக் காலத்துப் பாய்க்கப்பல்களில் மாலுமிமாரின் கழிப்பிடம் கப்பலின் அணியத்தில் இருந்தது. காற்று பெரும்பாலும் பின்னாலிருந்து வரும்; நாற்றம் முன்னால் போய்விடும்; அலை அடித்துக் கழுவிவிடும். நெல்சனும் வீட்டின் அணியத்தையே தெரிவு செய்தது. முன் விறாந்தையில், வாசற்கதவின் நிலைக்கு முன்னே விரித்திருந்த தும்புக் கால்மிதிதான் அந்த இடம். காற்றுத்தான் கணக்கில் பிழைத்துவிட்டது. எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று துறைமுகத் தண்ணீரைத் தடவிக்கொண்டு முன்வாசலால் நுழையும். கால்மிதியைக் கடந்து, ஹோலைக் கடந்து, குசினியில் மாமி பிட்டு அவிக்கும் இடத்தில் போய் நிற்கும்.

இனி, முன்னோர் கொள்கைகளைப் பார்ப்போம்.

முதலாவது, மூக்குத் தேய்ப்புக் கொள்கை. இதன் ஆசிரியர் மாமி. "மூக்கைப் பிடிச்சு அதிலயே தேய்ச்சு விடு, பிறகு சென்மத்துக்கும் மறக்காது." இக்கொள்கை ஈழத்திலும் தமிழகத்திலும் வெகு காலமாக வழங்குகிறது, பயன்தான் எங்கும் கண்டதில்லை. நாயின் மூக்கில் மணம் பிடிக்கும் உணரிகள் இருபது கோடிக்கு மேல். நமக்கு ஐம்பது அறுபது இலட்சம். தான் இருந்த சலத்தை நெல்சன் குசினிக்குள் படுத்துக்கொண்டே வாசித்துவிடும். அதன் மூக்கைப் பிடித்துத் தேய்ப்பது, புலவரின் கழுத்தைப் பிடித்து அவருடைய கையெழுத்துக்குள்ளேயே முகத்தை அமுக்கி, "இது ஆர் எழுதினது?" என்று கேட்பதற்கு ஒப்பாகும். புலவருக்குக் கேள்வி விளங்காது. நம்மைக் கண்டால் ஒளிந்திருந்து எழுதப் பழகிவிடுவார், அவ்வளவுதான். நெல்சனும் சில காலம் சாய்மனைக் கதிரைக்குப் பின்னால் எழுதியது.

இரண்டாவது, பத்திரிகைக் கொள்கை. அடுத்த வளவு ரீச்சர் முன்மொழிந்தது. "பேப்பரை விரிச்சுப் பழக்குங்கோ, பிறகு மெல்ல மெல்ல வாசலுக்கு வெளியில இழுத்துக்கொண்டு போங்கோ." மேலைநாட்டில் மாடிவீட்டுக்காரர் பலர் கைக்கொள்ளும் முறை, குறை சொல்ல முடியாது. நெல்சனும் ஓரளவுக்குப் பிடித்துக்கொண்டது. ஆனால் விரித்த பேப்பர் தனக்குரியது, வாசித்துக்கொண்டிருக்கும் பேப்பர் மாமாவுக்குரியது என்ற நுட்பமான வேறுபாட்டை அது ஏற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மரண அறிவித்தல் பக்கத்தில் ஆழ்ந்திருந்தார். கண்ணாடியைச் சாரத் தலைப்பில் துடைப்பதற்காகப் பத்திரிகையை நிலத்தில் வைத்தார். கண்ணாடியைத் திரும்பப் போட்டபோது கொள்கை வீழ்ந்திருந்தது.

மூன்றாவது, கருவாட்டுக் கொள்கை. சரியான இடத்தில் இருந்தால் உடனே ஒரு நெத்தலிக் கருவாடு. தத்துவத்தில் இது குற்றமற்றது. நல்ல பலன் தொடர்ந்தால் அந்தச் செயல் திரும்ப வரும் என்று தோண்டைக் என்ற அமெரிக்கர் பூனைகளைக் கூட்டில் அடைத்து நிறுவி நூறு வருடத்துக்கு மேலாகிறது. நடைமுறையில் மட்டும் ஒரு சிக்கல்: கருவாட்டில் உப்பு. உப்புத் தின்ற நெல்சன் தண்ணீர் குடித்தது. தண்ணீர் குடித்த நெல்சன் மறுபடியும் வேலையைத் தொடங்கியது. வெகுமதியே குற்றத்துக்கு முதலீடாகும் இந்தச் சுழலை மாமி கண்டுபிடித்து, உப்பில்லாமல் அவித்த மீன் துண்டாக மாற்றிவிட்டார். இவ்வாய்வுக்கு அவர் செய்த ஒரே நன்கொடை இது, பெரிய நன்கொடை.

நான்காவது, டெட்டோல் கொள்கை. இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மருந்து நெடி நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. அமோனியா கலந்த கழுவுநீர் இன்னும் மோசம். சலத்திலும் அமோனியா உண்டு என்பதால் இடத்தை அழிப்பதற்குப் பதில் பெயர்ப்பலகை நட்டதாகிவிடும். தண்ணீரில் கலந்த வினாகிரி ஓரளவு உதவுகிறது.

இங்கே பழமொழியாசிரியர்களையும் விசாரிக்க வேண்டும். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது எங்கே போகும் என்று தமிழர் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். பின்பாதியை வாசகர் அறிவர். நெல்சனுக்கு எதிராக மாமி நாளாந்தம் எடுத்துக்காட்டும் பிரமாணம் இதுதான். ஆனால் நடைமுறையை உற்றுப் பாருங்கள். ஒரு நாயைக் கிணற்றடியில் வைத்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வயிறு குளிர்ந்து, வாயில் பட்ட தண்ணீரையும் நக்கிக் குடித்த நிலையில், முற்றத்தில் ஒரு நிமிடமும் விடாமல், நேரே நடுவீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பிறகு நாயின் குணம் சரியில்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். எந்த ஆய்வு இதழும் இந்த முடிவை ஏற்காது. நடுக்கடலுக்குப் போனாலும் நாய்க்கு நக்குத் தண்ணிதான் என்ற மற்றப் பழமொழி நம்பத்தக்கது. நெல்சன் வந்த துறைமுகமே ஆழத்துக்குப் பேர் போனது. அது குடிப்பதோ மாமியின் பூச்சாடித் தட்டில்.

குற்றவுணர்ச்சிப் பிரச்சினைக்கு வருவோம். "முழியைப் பார், கள்ளன். தனக்குத் தெரியும்" என்று மாமி சொல்வார். காது பின்னால் ஒட்டி, வால் காலிடையில் போய், கண் ஓரமாகப் பார்க்கும். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? வேண்டும் என்கிறார் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ். 2009இல் நியூயோர்க்கில் 14 நாய்களை வைத்து அவர் ஒரு சோதனை செய்தார். பிஸ்கட்டைத் தொடாதே என்று சொல்லிவிட்டு எசமானர் வெளியே போக வேண்டும். திரும்பி வந்ததும் நாய் தின்றதென்றோ தின்னவில்லையென்றோ அவருக்குச் சொல்வார்கள். சில வேளை அது பொய். முடிவு என்னவென்றால், அந்தக் கள்ள முழி நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்ததே அல்ல, எசமானர் ஏசினாரா என்பதைப் பொறுத்தது. தின்னாமல் ஏச்சு வாங்கிய நாய்கள்தாம் ஆகக் கூடிய கள்ள முழி முழித்தன.

நியூயோர்க்காருக்கு இது புதுமை. நம்மவருக்கு மகாபாரதத்தின் ஆதி பருவத்திலேயே இருக்கிறது. ஜனமேஜயன் நடத்திய வேள்விக்கு ஒரு நாய்க்குட்டி வருகிறது. அரசனின் தம்பிமார் அதை அடிக்கிறார்கள். அது அழுதுகொண்டு போய்த் தாய் சரமையிடம் முறையிடுகிறது. அவிசை நக்கினாயோ என்று தாய் கேட்கிறாள். நக்கவுமில்லை, பார்க்கவுமில்லை என்கிறது குட்டி. சரமை நேரே வேள்விச் சாலைக்கு வந்து நியாயம் கேட்கிறாள், ஒருவரும் பதில் சொல்லவில்லை, சாபம் விழுகிறது. அத்தனை பெரிய பாரதம் தொடங்கும் வாசலிலேயே, செய்யாத குற்றத்துக்கு அடி வாங்கிய ஒரு நாய்க்குட்டியின் வழக்கு நிற்கிறது. இதை மாமிக்கு எடுத்துச் சொன்னபோது, "அது வேள்விச்சாலை, இது என்ர கால்மிதி" என்று தீர்ப்பளித்தார். அன்றைக்கு விறாந்தையில் தேங்கி நின்றது உண்மையில் ஓட்டு இடுக்கால் ஒழுகிய மழைத் தண்ணீர். நெல்சன் அதற்கும் முழித்தது.

அடுத்து, திசை பற்றிய ஆய்வு. 2013இல் செக் நாட்டு, ஜேர்மன் விஞ்ஞானிகள் சேர்ந்து 70 நாய்களை இரண்டு வருடம் பின்தொடர்ந்து, 1,893 முறை மலம் கழித்ததையும் 5,582 முறை சலம் கழித்ததையும் பதிந்தார்கள். பூமியின் காந்தப் புலம் அமைதியாக இருக்கும் வேளையில் நாய்கள் உடலை வடக்குத் தெற்காக வைத்துக்கொண்டே கழிக்க விரும்புகின்றன என்று கண்டார்கள். மறு வருடம் அவர்களுக்கு இக் நொபெல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது.

இந்தச் செய்தி மாமாவைப் பிடித்துக்கொண்டது. இழுவைக் கப்பலை விட்டு வந்தபின் அவருடைய திசையறி கருவிக்கு வேலை இல்லாமலிருந்தது. இங்கே ஒரு பிரதேசச் சிறப்பும் உண்டு. 1963இல் இந்தியா முதல் ஆய்வு ரொக்கெட்டை ஏவத் தும்பா என்ற இடத்தைத் தெரிவு செய்ததற்குக் காரணம் அது பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருந்ததே. திருகோணமலையும் ஏறக்குறைய அதே அகலக்கோட்டில்தான் இருக்கிறது. பிராக் நகரில் காந்தவிசை நிலத்துக்குள் செங்குத்தாகச் சரிந்து பாயும். இங்கே கிட்டத்தட்டக் கிடையாக ஓடும். ஆகவே திசை தெரிந்து குந்துவதற்கு செக் நாட்டு நாயைவிடத் திருமலை நாய்க்கே வசதி அதிகம்.

மாமா விறாந்தைப் படியில் குந்தியிருந்து முள்ளைப் பார்த்தார். நெல்சன் கால்மிதியில் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றி, நீளப்பாட்டில் நின்று, காரியத்தை முடித்தது. முள்ளு வடக்கு. நெல்சனின் மூக்கும் வடக்கு. மாமா துள்ளி எழும்பினார். இவ்விடத்தில் ஆய்வாளன் கடமை தவறக் கூடாது. வாசல் மேற்குப் பார்த்தது என்றால் சுவர் வடக்குத் தெற்காக ஓடும். சுவரோடு விரித்த கால்மிதியும் வடக்குத் தெற்காகக் கிடக்கும். அதில் நீளப்பாட்டில் நிற்கும் எந்தப் பிராணியும் காந்தவியல் விதிக்குக் கட்டுப்பட்டே தீரும். கால்மிதியைக் குறுக்காகத் திருப்பிப் போட்டோம். நெல்சன் கிழக்குப் பார்த்தது. மாமா கருவியைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டார். ஆனால் இந்தத் தோல்வியில்தான் ஆய்வின் திறவுகோல் கிடந்தது. நாய் திசையைப் பின்பற்றவில்லை, கால்மிதியைப் பின்பற்றியது.

ஒரு நாள் மாமி கால்மிதியைக் கழுவி மதிலில் காயப் போட்டார். காலைச் சாப்பாடு முடிந்தது. நெல்சன் விறாந்தைக்கு வந்தது. கால்மிதி கிடந்த இடத்தை மணந்தது. சிவப்புச் சீமெந்துத் தரையில் ஒரு காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தது. முனகியது. நிலைக்கும் கதிரைக்கும் இடையில் நடந்தது. பிறகு, ஒருவரும் காட்டாமல், ஒருவரும் ஏசாமல், படியிறங்கி வளவின் கோடிக்கு ஓடியது. அங்கே வேலி கட்டுவதற்கென்று மாமா வாங்கி வைத்திருந்த தும்புக்கயிற்றுச் சுருள் கிடந்தது. அதன்மேல் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றிக் குந்தியது. முகத்தில் அப்படியொரு நிம்மதி.

சல்லிக் கடற்கரையை இப்போது நினைவுகூரலாம். பிறந்த முதற் கிழமைகளில் குட்டியால் தானாகக் கழிக்கவே இயலாது. தாய் நக்கித் தூண்டிவிட்டுத் தானே துப்புரவாக்கிவிடும். மூன்றாம் கிழமையளவில் குட்டி படுக்கையை விட்டு விலகிப் போய்க் கழிக்கத் தொடங்கும். ஏழு, எட்டு, ஒன்பதாம் கிழமைகளில் அதன் காலுக்குக் கீழே எது கிடந்ததோ அதுவே அதற்குரிய இடம் என்று மனதில் பதிந்துபோகும். புல்லில் வளர்ந்தது புல்லைத் தேடும். சீமெந்துக் கூட்டில் அடைபட்டது சீமெந்தைத் தேடும். நெல்சனின் காலடியில் கிடந்தது கரைவலைக் கயிறு. வீட்டுக்கு வந்து பார்த்தால், வாசலிலேயே, அளவாக வெட்டி, ஓரம் தைத்து, அதே தும்பை விரித்து வைத்திருக்கிறார்கள். அதன்மேல் நல்வரவு என்று வேறு எழுதியிருக்கிறது.

வீடு, வெளி என்ற பிரிவு நமக்குக் கூரையால் வருகிறது. நாய்க்குட்டிக்கு உள்ளங்காலால் வருகிறது. நெல்சன் ஒரு நாளும் கட்டிலில் சலம் இருந்ததில்லை, குசினியில் இருந்ததில்லை, வெறுஞ் சீமெந்தில் வேறு வழி இல்லாவிட்டாலொழிய இருந்ததில்லை. சிறு வயதில் கற்ற ஒழுக்கத்தை இவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர் எங்கள் வீட்டில் வேறொருவரும் இல்லை. பிடிவாதம் என்று நாம் குற்றஞ்சாட்டியது அதன் நற்பழக்கத்தை.

காரணம் தெரிந்தபின் மருந்து எளிது. கால்மிதியைக் கழுவாமல் அப்படியே தூக்கி வளவுக் கோடியில் போட்டோம். வாசலுக்கு றப்பர் விரிப்பு வந்தது. நேரத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். நித்திரையால் எழும்பியதும், விளையாடி முடிந்ததும், சாப்பிட்டு ஐந்து நிமிடத்துக்கும் அரை மணிக்கும் இடையிலும் குட்டிக்கு வரும். மாதத்துக்கு ஒரு மணித்தியாலம் என்பது அடக்கும் வலுவுக்குப் பொதுக் கணக்கு, மூன்று மாதக் குட்டியென்றால் மூன்று மணித்தியாலம். தொடங்கிவிட்டால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கும் ஆய்வு உண்டு. மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டி எதுவானாலும், நாயோ யானையோ, சலப்பையைக் காலியாக்கச் சராசரி 21 செக்கன் எடுக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கும் இக் நொபெல். மாமா சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பி, செருப்பைத் தேடி, "டேய் டேய்" என்று வந்து சேர அதைவிடக் கூடிய நேரம் செல்லும். ஆகவே கண்டபின் தூக்குவது பயனில்லை. வருமுன் கூட்டிக்கொண்டு போவதே வழி. மீன் துண்டை முடித்த கையோடு, அதே இடத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால் உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று எடுத்துக்கொள்ளும்.

மிஞ்சியது வாடைக்காலம். மேலைநாட்டு நூல்களை எழுதியவர்கள் அறியாத இடர் இது. திருகோணமலையில் மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்க்கும். வளவு குளமாகும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு 'புரெவி' புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை ஏறியபோது, எந்த மனிதர் எந்தக் குட்டியை முற்றத்துக்குப் போகச் சொல்லியிருப்பார்? கச்சானில் பழகிய குட்டி வாடையில் மறக்கும்; வாடையில் வாங்கிய குட்டி பழகவே தொடங்காது. எனவே வளவுக் கோடியில் நான்கு கம்பு நட்டு, இரண்டு தகரம் போட்டு, நிலத்தை மணலால் உயர்த்தி, அதன்மேல் தும்பைப் பரப்பினோம். தடுப்பூசி முடியுமுன் றோட்டில் கொண்டுபோய் விடுவது பார்வோக் காய்ச்சலை விலை கொடுத்து வாங்குவது என்பதால் இந்தக் கொட்டில் இரட்டை உபகாரம்.

ஊசி முடிந்தபின் நெல்சனைக் கோட்டைப் பக்கம் கொண்டுபோனோம். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்கும். வீதியிலும் வந்து நிற்கும். நின்ற இடத்தில் புழுக்கை போடும். உல்லாசப் பயணிகள் படம் எடுப்பார்கள். நெல்சன் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டையையே போர்த்துக்கேயர் 1624இல் கட்ட, ஒல்லாந்தர் 1639இல் பிடிக்க, 1782இல் பிரான்சுக்காரரும் 1795இல் ஆங்கிலேயரும் வந்து தத்தம் கொடியை நாட்டினார்கள். இந்த ஊரில் எல்லை குறிப்பதை நாய்கள் தொடங்கிவைக்கவில்லை. சின்ன நாய்கள் தம் உருவத்தைப் பெரிதாகக் காட்டுவதற்காகக் காலை அளவுக்கு மிஞ்சி உயர்த்துகின்றன என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. அதை நாடுகளுக்குப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நெல்சன் இன்னும் காலை உயர்த்தத் தொடங்கவில்லை.

குட்டி எடுக்கப் போகிறவர்கள் நிறம் பார்க்கிறார்கள், வால் பார்க்கிறார்கள், நகத்தை எண்ணிப் பார்க்கிறார்கள். பிறந்த இடத்தில் காலுக்குக் கீழே என்ன கிடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. தயவுசெய்து கேளுங்கள். முடிந்தால் அதில் ஒரு பிடியையும் கூடவே கொண்டுவாருங்கள்.